இரட்டைக் கண்ணாடி இருக்கட்டும், சஜ்ஜா எங்கே?

நேராவே சொல்லிடறேன் மக்களே. தேன்கனிக்கோட்டையிலும் சுத்துப்பட்டு ஊர்களிலும் வீடு கட்டறவங்களுக்கு "வீடு ஜில்லுன்னு இருக்கும் சார்" என்று இரட்டைக் கண்ணாடி ஜன்னல் விற்பது, பழனியில மொட்டை போட்டுட்டு இறங்கி வர்றவனுக்கு சீப்பு விற்கிற கதை. சீப்பு நல்ல சீப்புதான். தலையில முடிதான் இல்லை.

இது வெறும் கண்ணாடி சமாச்சாரமா இருந்தா நான் பதிவு போட்டிருக்க மாட்டேன். காசு இருக்கறவன் எந்தக் கண்ணாடி வேணா மாட்டிட்டுப் போகட்டும். என் வயித்தெரிச்சல் வேற. இந்த ஜன்னலை விற்கிற வேகத்துல, வீட்டுக்கு நிஜமாவே சுகம் கொடுக்கற ரெண்டு விஷயத்தை சத்தமில்லாம கழட்டிடறாங்க. ஒண்ணு, ஜன்னலுக்கு மேல இருக்கற சன்ஷேட் (எங்க பக்கம் பாதிப் பேர் சஜ்ஜான்னுதான் சொல்லுவாங்க, கர்நாடக எல்லை பாருங்க). ரெண்டு, முழுசாத் திறக்கற கதவு.

ஒசூர்லேர்ந்து தேன்கனிக்கோட்டை வர்ற வழியில, இந்த அஞ்சாறு வருஷத்துல கட்டின வீடுகளைப் பாருங்க. தீப்பெட்டியை நிமிர்த்தி வச்ச மாதிரி சதுரமா ஒரு முகப்பு. எலிவேஷன்னு பேரு. சஜ்ஜா போட்டா எலிவேஷன் கெட்டுடுமாம். அதனால மொட்டையான சுவர், அதுல பெரிய பெரிய கண்ணாடி. வெயில் நேரா உள்ள வருதேன்னு கேட்டா, "அதுக்குத்தான் சார் டபுள் கிளேஸ்"னு பதில் ரெடியா இருக்கு. குடையைப் பிடுங்கிக்கிட்டு ரெயின்கோட் விற்கிறாங்க. அதுவும் வெயிலுக்கு!

சமீபத்துல எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் வீட்டு கொட்டேஷனைப் பார்த்தேன். சிப்காட்ல ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை. ஊரும் கம்பெனியும் வேணாம், இந்தப் பக்கம் அந்த மாதிரி ஆயிரக்கணக்கான பேர் இருக்காங்க. 800 சதுர அடியில ரெண்டு பெட்ரூம் வீடு, பேங்க் லோன். வாஸ்துப்படி கன்னி மூலையில, அதாவது தென்மேற்குல, பெரிய பெட்ரூம். அதுக்கு மேற்குப் பார்த்து நாலுக்கு நாலு ஜன்னல். சஜ்ஜா கிடையாது. ஏழு ஜன்னலுக்கும் யூபிவிசி ஸ்லைடிங், இரட்டைக் கண்ணாடி. மூணு வாரத்துல ஒரு வாரம் நைட் ஷிப்ட். காலையில வந்து சாப்பிட்டுப் படுத்தா சாயங்காலம் நாலு வரைக்கும் தூங்கணும். மேற்கு வெயில் ஜன்னல்ல இறங்கறது கரெக்டா அந்த நேரத்துல. தூக்கம் கெட்டு மறுபடி மெஷின் முன்னாடி போய் நிக்கறவனுக்கு என்ன ஆகும்னு அங்க வேலை பார்க்கறவங்களைக் கேளுங்க. நான் இங்க பேசறது அந்தத் தூக்கத்தைப் பத்தி. அழகைப் பத்தி இல்ல.

சரி, முதல்ல இந்த இரட்டைக் கண்ணாடிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துடுவோம்.

ரெண்டு கண்ணாடி, நடுவுல 12 மில்லிமீட்டர் போல இடைவெளி, அதுக்குள்ள உலர்ந்த காற்றோ ஆர்கான் வாயுவோ, சுத்தி சீல். அவ்வளவுதான் சங்கதி. அமெரிக்காவுல 1865லேயே தாமஸ் ஸ்டெட்சன் என்பவர் இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். காற்று அசையாம நின்னா வெப்பத்தை லேசுல கடத்தாது. ஸ்வெட்டர் வேலை செய்யற தத்துவம்தான் இதுவும்.

குளிர் நாட்டுல இது வரப்பிரசாதம், சந்தேகமே வேணாம். வெளியே 0 டிகிரி, உள்ள ஹீட்டர் போட்டு 20 டிகிரின்னு வைங்க. ஒற்றைக் கண்ணாடியோட உள்பக்கம் ஏறக்குறைய 5 டிகிரிக்கு இறங்கிடும். பக்கத்துல உட்கார்ந்தா ஐஸ் கட்டிக்குப் பக்கத்துல உட்கார்ந்த மாதிரி இருக்கும். கண்ணாடியை ஒட்டின காற்று குளிர்ந்து கீழ இறங்கி காலைப் பிடிக்கும். கண்ணாடி மேல தண்ணி கோத்து கட்டை ஊறிப்போகும். இரட்டைக் கண்ணாடி போட்டா அதே உள்பக்கம் 12, 13 டிகிரியில நிக்கும். மூணு தொல்லையும் குறையும், ஹீட்டர் பில்லும் குறையும். டொராண்டோவிலும் லண்டனிலும் ஆஸ்லோவிலும் இருந்துக்கிட்டு இதைப் படிக்கற மக்களே, உங்க வீட்டு ஜன்னலை நான் ஒண்ணும் சொல்லலை. இங்கிலாந்துல 2002லேர்ந்து வீட்டு ஜன்னலை மாத்தினாலே கிட்டத்தட்ட இந்த ரகத்துக்குத்தான் போயாகணும்னு விதி வச்சாங்க. அந்த ஊருக்கு அது நியாயம்.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. கடல் மட்டத்துலேர்ந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். பக்கத்துல இருக்கற தளிக்கு "குட்டி இங்கிலாந்து"ன்னு பட்டப்பேர் வேற. பேர்ல இங்கிலாந்து இருக்குங்கறதுக்காக ஜன்னலும் இங்கிலாந்துலேர்ந்து வரணுமா என்ன? மார்கழி ராத்திரி வெளியே 14 டிகிரி, ஹீட்டர் இல்லாத வீட்டுக்குள்ள 21 டிகிரின்னு வச்சுக்குவோம். ஒற்றைக் கண்ணாடியோட உள்பக்கம் 16 டிகிரி வாக்குல இருக்கும், இரட்டைன்னா 18, 19. இந்த ரெண்டு மூணு டிகிரியை கனமான ஒரு திரைச்சீலை பார்த்துக்கும். மீதியை கம்பளி பார்த்துக்கும்.

வெயில் காலத்துக்கு வருவோம். இங்கதான் முழு ஏமாத்தும் இருக்கு. கொஞ்சம் கணக்கு போடறேன், பொறுத்துக்கங்க. எட்டாங்கிளாஸ் பெருக்கல்தான்.

ஜன்னல் வழியா சூடு ரெண்டு விதமா வரும். ஒண்ணு, வெளியே சூடு, உள்ள அதைவிடக் குறைவு, அதனால கண்ணாடி வழியா கடத்தப்பட்டு வர்றது. இன்னொண்ணு, வெயில் கண்ணாடியைத் துளைச்சுக்கிட்டு நேரா உள்ள வந்து தரையிலயும் கட்டில்லயும் விழுந்து சூடாக்கறது. இரட்டைக் கண்ணாடி தடுக்கறது பெரும்பாலும் முதல் வகையைத்தான்.

தம்பியோட மேற்கு ஜன்னல் நாலுக்கு நாலு, அதாவது சுமார் 1.5 சதுர மீட்டர். ஏப்ரல் மாசம் சாயங்காலம் நாலு மணி வாக்குல மேற்குச் சுவர்ல சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுதுன்னு வைங்க. வெளியே 36, உள்ள 28, எட்டு டிகிரி வித்தியாசம்.

சாதா ஒற்றைக் கண்ணாடி: வெயிலா உள்ள வர்றது சுமார் 740 வாட். கடத்தி வர்றது சுமார் 70 வாட். மொத்தம் 810.

சாதா இரட்டைக் கண்ணாடி: வெயிலா வர்றது சுமார் 630. கடத்தி வர்றது சுமார் 35. மொத்தம் 665.

ஒற்றைக் கண்ணாடி, ஆனா வெளியே மூங்கில் தட்டியோ மரமோ இருந்து வெயில்ல 80 சதவீதத்தைத் தடுக்குது: வெயிலா வர்றது சுமார் 150. கடத்தி வர்றது அதே 70. மொத்தம் 220.

நல்லாப் பார்த்துக்கங்க சாமிகளா. அத்தனை காசு போட்டு மாட்டின கண்ணாடி 810ஐ 665 ஆக்கிச்சு. மூங்கில் தட்டி 220 ஆக்கிச்சு. 665 வாட்னா, படுத்திருக்கற ரூம்ல அயர்ன் பாக்ஸை ஆன் பண்ணி வச்ச மாதிரி. அந்த ரூம்லதான் நைட் ஷிப்ட் முடிச்சவன் தூங்கணுமாம், ஏன்னா அது "கம்ஃபர்ட் ஜன்னல்"!

"உள்ளே ஸ்க்ரீன் போட்டுக்கலாமே"ன்னு கேப்பீங்க. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்தாச்சுன்னா பெரும்பகுதி ரூமுக்குச் சொந்தம். திரைத்துணி சூடாகி அந்தச் சூட்டை ரூமுக்கே கொடுக்கும். திருடனை ஹாலுக்குள்ள விட்டுட்டு பெட்ரூமைப் பூட்டற கதை. தடுக்கறதா இருந்தா வாசல்லயே தடுக்கணும்.

நான் சொன்னா நம்ப வேணாம். மத்திய அரசோட எரிசக்தித் திறன் பணியகம் 2018ல வீடுகளுக்குன்னு "இக்கோ நிவாஸ் சம்ஹிதா"ன்னு ஒரு விதித்தொகுப்பு கொண்டு வந்துச்சு. சுவர், ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள எவ்வளவு சூடு வருதுன்னு கணக்குப் பார்க்க அதுல ஒரு சூத்திரம் இருக்கு. பெங்களூரு மாதிரி மிதமான தட்பவெப்பப் பகுதிக்கு (நாமும் அதே பீடபூமிதான்) அந்தச் சூத்திரத்துல, கண்ணாடியோட கடத்தும் திறனுக்குக் கொடுத்திருக்கற எடை 0.37. கண்ணாடி வழியா வர்ற வெயிலுக்குக் கொடுத்திருக்கற எடை 63.69. அச்சுப்பிழை இல்லீங்க, நிஜமாவே அப்படித்தான்.

ஒற்றையிலேர்ந்து இரட்டைக்கு மாறினா கடத்தும் திறன் 5.8லேர்ந்து 2.8க்கு இறங்கும். மூணு புள்ளி. 0.37ஆல பெருக்கினா 1.1. வெளியே நிழல் கொடுத்து வெயில் பங்கை 0.82லேர்ந்து 0.16க்கு இறக்கினா, 63.69ஆல பெருக்கறப்ப 42. ஒண்ணேகால் கூட இல்லாத ஒண்ணுக்குக் காசு வாங்கிக்கிட்டு நாப்பத்திரெண்டை எடுத்துட்டுப் போறாங்க. இரட்டைக் கண்ணாடி வெயில் பங்கையும் கொஞ்சம் குறைக்குமே, அதைச் சேர்த்தா? 0.82 போய் 0.70 ஆகும், அதுக்கு ஒரு 7.6 சேர்த்துக்கங்க. தாராளமா ஒன்பதுன்னே வைங்க. அப்பவும் நாப்பத்திரெண்டு எங்க, ஒன்பது எங்க?

இந்தச் சூத்திரமெல்லாம் படிக்காமலே இதைக் கரைச்சுக் குடிச்சவங்க எங்க ஊர்ல இருக்காங்க. ரோஜாக்காரங்க. ஒசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்க திரும்பினாலும் பாலிஹவுஸ்தான். தளியில கொய்மலருக்குன்னே இந்திய-இஸ்ரேல் கூட்டுல ஒரு மையம் இருக்கு. வெயில் ஏறினா பாலிஹவுஸ்காரர் என்ன பண்றார்? "சூடா இருக்கு, இன்னொரு லேயர் பாலிதீன் போடுங்கப்பா"ன்னா சொல்றார்? பக்கவாட்டு ஷீட்டைச் சுருட்டி மேல ஏத்தறார், நிழல் வலையை இழுத்து விடறார். காத்து, நிழல். ரெண்டே ரெண்டு. 1909லேயே ராபர்ட் வுட் என்ற இயற்பியல்காரர் ரெண்டு பெட்டி வச்சு சோதனை பண்ணினார். ஒண்ணுக்கு மூடி கண்ணாடி, இன்னொண்ணுக்கு வெப்பக் கதிரை வெளியே விடக்கூடிய பாறை உப்புத் தகடு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் சூடாச்சு. கண்ணாடி வீடு சூடாகறதுக்குப் பெரிய காரணம் உள்ளே மாட்டிக்கிட்ட காற்று வெளியேற முடியாததுதான்னு அவர் சொன்னார். ரோஜாச் செடிக்குக் கிடைக்கற மரியாதை லோன் கட்டறவனுக்கும் கிடைக்கணும்னு கேக்கறேன், அவ்வளவுதான்.

அடுத்தது காத்து.

ஜன்னலுக்கு பழந்தமிழ்ல "காலதர்"னு ஒரு சொல் உண்டு. கால்னா காற்று, அதர்னா வழி. காற்று வர்ற வழி. இங்கிலீஷ்காரனோட விண்டோவும் பழைய வட ஐரோப்பிய மொழியில "காற்றுக் கண்"ணுன்னு அர்த்தம் தர்ற வார்த்தையிலேர்ந்து வந்ததுதான். ரெண்டு ஊர்க்காரனும் வெளிச்சத்தைச் சொல்லலை, வேடிக்கை பாக்கறதைச் சொல்லலை. காத்தைத்தான் சொன்னான்.

நம்ம பீடபூமியோட சொத்தே ராத்திரிக் காத்துதான். சென்னையில ஏப்ரல் ராத்திரி ஜன்னலைத் திறந்தா வெந்நீர் ஆவி மாதிரி வரும். இங்க பகல்ல 35, 36 போனாலும் ராத்திரி இருபத்திரெண்டு பக்கம் இறங்கிடும். பகல்ல மூடி நிழல்ல வச்சு, ஏழு மணிக்கு மேல எல்லாத்தையும் திறந்து விட்டா, சுவரும் தரையும் விடியறதுக்குள்ள ஆறிடும். மறுநாள் மத்தியானம் வரை அந்தக் குளிர்ச்சி தாங்கும். இதுக்கு கரண்ட் பில் கிடையாது. பேட்டராய சாமி கோயில் மண்டபத்துல மத்தியானம் போய் உட்கார்ந்து பாருங்க. கல்லு, நிழல், காத்து. அங்க யாரும் டபுள் கிளேஸ் போடலை.

இப்ப தம்பியோட கொட்டேஷனை மறுபடி எடுப்போம். அதே சம்ஹிதாவுல, மிதமான பகுதியில வீட்டுப் பரப்புல 12.5 சதவீதமாவது வெளிக்காத்துக்குத் திறக்கணும்னு இருக்கு. 500 சதுர மீட்டருக்குக் குறைவான மனைக்கு இந்த விதி பொருந்தாது, ஆனா அளவுகோலா வச்சுக்கறதுல தப்பில்லை. 800 சதுர அடிக்கு 100 சதுர அடி திறப்பு வேணும். ஏழு ஜன்னல், ஒண்ணு 16 சதுர அடி, மொத்தம் 112. ஸ்லைடிங்னா ஒரு கதவு இன்னொரு கதவுக்குப் பின்னாடி போய் நிக்கும், அதனால பாதிதான் கணக்கு. 56 சதுர அடி. ஃபெயில். அதே ஜன்னலை, நம்ம தாத்தா வீட்டு ஜன்னல் மாதிரி கதவாத் திறக்கற வகையாப் போட்டா 90 சதவீதம் கணக்கு. 100.8. பாஸ்! ஒரு செங்கல் கூட நகர்த்த வேணாம். திறக்கற விதத்தை மாத்தினா போதும். (பால்கனிக் கதவு, வெண்டிலேட்டர் இதெல்லாம் இருந்தா கணக்குல சேர்த்துக்கலாம். இந்த வீட்டுல ரெண்டும் இல்லை. வெண்டிலேட்டரும் எலிவேஷனைக் கெடுக்குமாம்.)

சுகம்னா என்னன்னு ஃபாங்கர் என்ற டென்மார்க்காரர் 1970ல ஒரு புத்தகமே போட்டார். ஆறு விஷயம்: காற்றோட சூடு, சுத்தி இருக்கற சுவர், கண்ணாடி, கூரையோட சூடு, ஈரப்பதம், காற்றோட வேகம், போட்டிருக்கற துணி, உடம்பு செய்யற வேலை. காற்றோட வேகத்தைப் பாருங்க. ஃபேன் காத்து மேல பட்டாலே ரெண்டு மூணு டிகிரி குறைஞ்ச மாதிரி உடம்பு உணரும். விளம்பரத்துல இந்த ஆறுல ஒண்ணைக் கூட ஒழுங்காச் சொல்ல மாட்டாங்க. கையில ஒரு விளக்கைப் பிடிச்சுக்கிட்டு கண்ணாடி மேல காட்டி, "தொட்டுப் பாருங்க சார், சூடு வருதா?"ன்னு கேப்பாங்க. அந்த டெமோவுக்கு வர்ற கண்ணாடி பெரும்பாலும் கோட்டிங் போட்டதா இருக்கும். கொட்டேஷன்ல இருக்கறது சாதா கண்ணாடி.

கோட்டிங்னு சொன்னதும் பின்னூட்டத்துல வரிஞ்சு கட்டிக்கிட்டு வரப்போற சிவில் எஞ்சினியர் அண்ணன்களுக்கு நானே முன்னாடி பதில் சொல்லிடறேன்.

"வெயிலைத் தடுக்கற கோட்டிங் போட்ட லோ-ஈ இரட்டைக் கண்ணாடி இருக்கே?" இருக்கு. நல்லா வேலை செய்யும். வெயில் பங்கு 0.3 வரை இறங்கும். நம்ம கணக்குல 290 வாட் வரும். வெளியே பார்வை மறையக்கூடாது, மரம் வைக்க இடமில்லை, மூணாவது மாடி என்ற நிலைமைக்கு அது சரியான பொருள். அந்த மென்மையான கோட்டிங்கைக் காப்பாத்தறதுக்கு சீல் பண்ணின இரட்டைக் கண்ணாடி தேவைங்கறதும் உண்மை. ஆனா வேலை செய்யறது கோட்டிங். அப்பவும் மூங்கில் தட்டியோட 220ஐ அது தோக்கடிக்கலைங்கறதை மறந்துடாதீங்க.

"சத்தம் குறையுமே?" இதைச் சொல்லித்தான் ஷிப்ட்காரங்ககிட்ட அதிகமா விற்கிறாங்க. 5 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி தடுக்கற சத்தம் 30 டெசிபல் வாக்குல. 4-12-4ன்னு சொல்ற சாதா இரட்டைக் கண்ணாடி தடுக்கறதும் அதே 30 பக்கம்தான். ஒரே தடிமன்ல ரெண்டு கண்ணாடியைப் பக்கத்துல பக்கத்துல வச்சா லாரியோட கனத்த உறுமலுக்கு ரெண்டும் சேர்ந்து அதிரும். பழைய மர ஜன்னலை மாத்தினதும் சத்தம் குறையறது ரப்பர் பீடிங் இடுக்கை அடைக்கறதால. அது ஒற்றைக் கண்ணாடி யூபிவிசியிலயும் கிடைக்கும். சத்தம்தான் உங்க தலைவலின்னா லேமினேட் கண்ணாடி கேளுங்க, இல்ல ரெண்டு கண்ணாடிக்கும் வேற வேற தடிமன் கேளுங்க. நெடுஞ்சாலையை ஒட்டி வீடு இருக்கறவங்களுக்கு இது நியாயமான செலவு. ஆனா எந்தக் கண்ணாடியா இருந்தாலும் மூடி இருந்தாத்தான் சத்தம் நிக்கும். மூடினா காத்து வர வேற வழி வச்சிருக்கணும்.

"ஏசி போடறவங்களுக்கு?" பகல் முழுக்க ஏசி ஓடற ஆபீசுக்கு லாபம் உண்டு. நம்ம வீட்டுல ஏசி ஓடறது பெரும்பாலும் ராத்திரி. வெளியே 22, உள்ள ஏசி 24ல ஓடுது! இதுல ஜன்னல் எதைக் காப்பாத்துது?

"முன்ன மாதிரி இல்லையே, சூடு கூடிப்போச்சே?" வாஸ்தவம். பெங்களூருல 2016 ஏப்ரல்ல 39.2 டிகிரி அடிச்சது, 2024 ஏப்ரல்லயும் 38.5 தொட்டது. சூடு கூடக்கூட நிழலோட மதிப்பு கூடும், குறையாது. சஜ்ஜாவை வெட்டறதுக்கு இதைவிட மோசமான காலம் வேற இல்லை.

சஜ்ஜாவைப் பத்தி ஒரு உண்மையையும் சொல்லிடணும், இல்லன்னா நானும் விற்பனையாள் மாதிரி ஆயிடுவேன். எல்லாத் திசைக்கும் ஒரே சஜ்ஜா உதவாது. நம்ம ஊர் அட்சரேகை 12.5 டிகிரி. வருஷத்துல ரெண்டு தடவை, ஏப்ரல் கடைசி வாரத்துலயும் ஆகஸ்ட் மூணாவது வாரத்துலயும், உச்சி வெயில் நேரா தலைக்கு மேல வரும். தெற்கு ஜன்னலுக்கு 2 அடி சஜ்ஜா இருந்தா, வெயில் ரொம்பச் சாயற டிசம்பர் மத்தியானத்துல கூட இரண்டே முக்கால் அடிக்கு நிழல் விழும். மேற்கு கதை வேற. ஏப்ரல்ல நாலரை மணிக்குச் சூரியன் 30 டிகிரி உயரத்துலதான் இருக்கும். அதே 2 அடி சஜ்ஜா ஒரு அடி சொச்சத்துக்குத்தான் நிழல் கொடுக்கும், மீதி மூணு அடி திறந்து கிடக்கும். அதனால மேற்குக்கு நிமிர்ந்து நிக்கற தடுப்பு வேணும். மூங்கில் தட்டி, நிழல் வலை, கொடி படரவிட்ட கம்பி, கொஞ்சம் தள்ளி ஒரு புங்க மரம், இல்ல ஜாலி சுவர். லாரி பேக்கர் கேரளாவுல வாழ்நாள் முழுக்க செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிக் காட்டினாரே, அதேதான். எல்லாத்துக்கும் மேல, மேற்குல ஜன்னலைச் சின்னதா வைங்க, வடக்குல பெருசா வைங்க.

கடைசியா, தலைக்கு மேல இருக்கற விஷயம். ஒரு மாடி வீட்டுக்கு எல்லாச் ஜன்னலையும் விடப் பெரிய ஜன்னல் கூரைதான். காலையிலேர்ந்து சாயங்காலம் வரை வெயில் குடிக்கற காங்கிரீட். 800 சதுர அடி கூரையை வெறும் தளமா விட்டுட்டு 112 சதுர அடி கண்ணாடிக்கு இரட்டைச் சட்டை போடறது, சட்டைக் காலருக்கு மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி. வெள்ளை ஓடோ வெள்ளைப் பூச்சோ போட்டா வெயில்ல பெரும்பங்கு திரும்பிப் போயிடும். தெலங்கானா 2023ல இதுக்குன்னே ஒரு கொள்கை அறிவிச்சது.

அதனால தேன்கனிக்கோட்டையில, ஒசூர்ல, கெலமங்கலத்துல, தளியில வீடு கட்டற புண்ணியவான்களே, கொட்டேஷன்ல இரட்டைக் கண்ணாடி இருந்தா இந்த வரிசையில கேளுங்க:

1. ஒற்றைக் கண்ணாடிக்கும் இரட்டைக்கும் விலை வித்தியாசம் எவ்வளவு? தனியா எழுதி வாங்குங்க.

2. கண்ணாடிக்கு வெயில் பங்கு எவ்வளவு? 0.7ன்னு வந்தா, அல்லது "அதெல்லாம் தெரியாது சார்"னு வந்தா, அந்த வரியை அடிச்சுடுங்க.

3. ஸ்லைடிங்கா, கதவாத் திறக்குமா? கதவாத் திறக்கற வகைக்கு கொசு வலை உள்பக்கம் வருமான்னும் கேளுங்க. கொசு வலை இல்லாத ஜன்னல் ராத்திரி திறக்காது.

4. சீல் போச்சுன்னா யார் மாத்துவா? பத்து, இருபது வருஷத்துல சீல் விட்டு கண்ணாடிக்கு நடுவுல பனி மூட்டம் வரும். துடைக்க முடியாது, முழுசா மாத்தணும். வீட்டு லோன் அதுக்கும் மேல ஓடும்.

5. அந்த வித்தியாசக் காசுல சஜ்ஜா, மேற்குத் தட்டி, வெள்ளைக் கூரை, ரெண்டு நல்ல ஃபேன் எவ்வளவுக்கு முடியும்னு மேஸ்திரிகிட்ட கேளுங்க. மிச்சம் இருந்தா புங்கங்கன்று வாங்குங்க.

இதெல்லாம் முடிச்ச பிறகும் கையில காசு இருந்து, ரோட்டுச் சத்தமும் இருந்தா, தாராளமா ஒரே ஒரு பெட்ரூமுக்கு நல்ல கண்ணாடியாப் போடுங்க. நானே வந்து ரிப்பன் வெட்டறேன் :-)

எலிவேஷன் பாக்கறவங்க ரோட்டுல போறவங்க. சூட்டை அனுபவிக்கறவங்க உள்ள படுத்திருக்கறவங்க. லோன் கட்டறது யாருன்னு யோசிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க.

டிஸ்கி: நான் ஜன்னல் வியாபாரமும் பண்ணலை, மூங்கில் தட்டி வியாபாரமும் பண்ணலை. கணக்குல தப்பு இருக்குன்னு நினைக்கறவங்க உங்க ஜன்னலோட நீள அகலமும் திசையும் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்க. அனானி அண்ணாச்சிகள் திட்டறதா இருந்தாலும் எண்ணோட வந்து திட்டுங்க.